முத்திரை சொன்ன சாட்சி

அரபுக் கல்லூரியில் ஓதி முடித்து வெளிவந்த நாள் முதலாக, முப்பதாண்டுகளுக்கும் மேலாக, நாம் ஆசிரியத் தொழிலையே செய்து வருகிறோம். காலையில் அரபு இலக்கணம், மாலையில் தமிழ்ப் பாடம் என நாள்கள் ஓடுகின்றன. இடையில் கிடைக்கும் ஓய்வில், எழுத்து மங்கிப்போன மீஸான் கற்களையும் பழைய பள்ளிவாசல் கல்வெட்டுகளையும் படி எடுத்து வாசிப்பது நம் வழக்கம். இதனால் பூந்தமல்லி, ஆவடி வட்டாரத்தில் யார் வீட்டுப் பெட்டியிலேனும் படிக்க இயலாத எழுத்தொன்று தென்பட்டால், "ஹஜ்ரத்திடம் காட்டுங்கள்" என்று சொல்லும் பழக்கம் ஏற்பட்டுவிட்டது. ஏட்டுச் சுவடி வந்திருக்கிறது. அரபுத் தமிழ்க் கடிதம் வந்திருக்கிறது. ஒருமுறை செப்புக் குடத்தின் கழுத்தில் வெட்டிய பெயர்கூட வந்தது. ஆனால் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் நம்மை நாடி வந்த எழுத்தைப் போன்ற ஒன்றை நாம் அதற்குமுன் கண்டதில்லை.

கொண்டு வந்தவர் நம் இளமைத் தோழரின் மகன். ஆவடியில் குடியிருப்பவர், நல்ல பிள்ளை. சட்டைப்பையிலிருந்து நான்காக மடித்த தாள் ஒன்றை எடுத்து விரித்தார். இரும்பின்மேல் தாளை வைத்துக் கரிக்கோலால் தேய்த்து எடுத்த படி அது. மேல்வரியில் ரோமானிய எழுத்துகள். கீழே ஒரு முடி, முடியின் கீழ் ஓர் எழுத்து. பக்கவாட்டில் ஆறு இலக்க எண் ஒன்று.

"இது எதன்மேல் எடுத்த படி, தம்பீ?" என்றோம்.

அவர் குரலைத் தாழ்த்தி, "கைத்துப்பாக்கி, ஹஜ்ரத். பெரிய பாட்டனாருடைய மரப்பெட்டியில் இருந்தது. உள்ளங்கை அளவுதான் இருக்கும்" என்றார்.

நாம் எழுத்தைப் பற்றிக் கேட்கவில்லை. "உள்ளே தோட்டா இருக்கிறதா?" என்றுதான் முதலில் கேட்டோம். தோட்டாப் பேழையைக் கழற்றிவிட்டதாக அவர் சொன்னார். பேழையைக் கழற்றிய பின்னரும் குழலின் வாயில் ஒரு தோட்டா தங்கியிருக்கக் கூடும். 'காலி' என்று கருதப்பட்ட துப்பாக்கிகள் எத்தனையோ வீடுகளில் உயிர் குடித்திருக்கின்றன. அறிந்தவர் ஒருவர் பார்க்கும்வரை அதைத் தொடக்கூடாது, பிள்ளைகள் எட்டாத இடத்தில் பூட்டி வைக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினோம். தாள் மட்டும் நம்மிடம் இருந்தது.

மறுநாள் தோழரே நேரில் வந்தார். அந்தக் குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லப்பட்டு வந்த கதையை அன்றுதான் முழுமையாகக் கேட்டோம். இரண்டாம் உலகப் போரின்போது ஆவடியில் பெரும் படைமுகாமும் கிடங்குகளும் இருந்தன. தோழரின் பாட்டனார் மர்ஹூம் பெரியமேட்டில் தோல் மண்டி வைத்திருந்தவர். முகாமுக்குச் சரக்குக் கொடுத்தவர். வட ஆப்பிரிக்கப் போர்க்களத்திலிருந்து திரும்பிய சிப்பாய் ஒருவன், தான் ஒரு ஜெர்மானிய அதிகாரியிடமிருந்து பறித்த கைத்துப்பாக்கியை அவருக்கு அன்பளிப்பாகக் கொடுத்தானாம். அந்த அதிகாரியின் பெயரின் முதலெழுத்துகள்கூடத் துப்பாக்கியில் பொறிக்கப்பட்டுள்ளன என்று தோழர் பெருமையோடு தாளில் சுட்டிக் காட்டினார். 'ஏ', 'என்' என்ற இரண்டு எழுத்துகள் மேல்வரியின் இறுதியில் இருந்தன.

கதையோடு கவலையும் இருந்தது. பழம்பொருள் வாங்கி விற்கும் ஒருவர் செய்தி அறிந்து, "ஜெர்மன் சாமான், காகிதம் ஏதும் கேட்காதீர்கள், மூன்று லட்சம் தருகிறேன்" என்று சொல்லியிருக்கிறார். தோழருக்கு மகளின் நிக்காஹ் நெருங்கிக் கொண்டிருந்தது. "உண்மையில் இது என்ன விலை பெறும் என்று நீங்கள் படித்துச் சொன்னால் போதும்" என்றார்.

விலை சொல்லுமுன் பொருள் இன்னதென்று அறிய வேண்டும். ஜெர்மன் மொழி நாம் கற்றதில்லை. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் லேத்துப் பட்டறை நடத்தும் அன்பர் ஒருவர் நினைவுக்கு வந்தார். ஜெர்மானிய இயந்திரங்களோடு நாற்பதாண்டு பழகியவர். அவற்றின் தகடுகளில் உள்ள சொற்கள் அவருக்கு மனப்பாடம். தாளைப் பார்த்ததும் சிரித்தார். மேல்வரி 'மவுசர் வெர்க்கே ஏ. ஜி., ஓபர்ன்டார்ஃப் ஏ. என்.' என்பது. 'ஏ. ஜி.' என்றால் பங்குதாரர் கூட்டு நிறுவனம். ஓபர்ன்டார்ஃப் ஓர் ஊர். 'ஏ. என்.' என்பது எந்த அதிகாரியின் பெயரும் அன்று. 'நெக்கார் ஆற்றங்கரையில் உள்ள' என்பதன் சுருக்கம்! ஒரே பெயரில் ஊர்கள் பல இருப்பதால், ஆற்றின் பெயரைச் சேர்த்து இன்ன ஊர் என்று பிரித்துக் காட்டுவது அந்நாட்டு வழக்கம். எழுபது ஆண்டுகளாக ஒரு வீட்டில் வீரக் கதையின் தூணாக நின்ற இரண்டெழுத்து, ஓர் ஆற்றின் பெயராக முடிந்தது.

அதன் பின்னர் நாமும் நூலகங்களில் இதுபற்றிய நூல்களைத் தேடிப் படித்தோம். படிக்கப் படிக்க, இது நமக்கு முற்றிலும் புதிய கலையன்று என்பது விளங்கிற்று. ஹதீஸ் கலையில் ஒரு செய்தி வந்தால், அதன் வாசகத்தைப் பார்க்குமுன் அறிவிப்பாளர் வரிசையைப் பார்க்கிறோம் அல்லவா? யார் யாரிடம் கேட்டார், இருவரும் ஒரே காலத்தில் வாழ்ந்தவரா, ஒருவரையொருவர் சந்தித்திருக்க முடியுமா என்று வினவுகிறோம். இரும்பில் குத்திய முத்திரைகளும் அத்தகைய சாட்சிகளே. ஒவ்வொன்றும் தனக்குரிய காலத்தையும் இடத்தையும் சொல்கிறது. சாட்சிகள் ஒன்றையொன்று மறுத்தால் பொருளில் பழுதுண்டு. ஒத்துப் போனால் உண்மை நிலைபெறும்.

முதற்சாட்சி ஆலையின் பெயர். வில்ஹெல்ம் மவுசர், பவுல் மவுசர் என்ற சகோதரர்கள் 1874ஆம் ஆண்டில் ஓபர்ன்டார்ஃபில் இருந்த உர்ட்டம்பர்க் அரசின் துப்பாக்கி ஆலையை வாங்கினர். பின்னாளில் அங்கே சட்டைப்பையில் அடங்கும் சிறு கைத்துப்பாக்கிகளும் உருவாயின. 1910ஆம் ஆண்டு மாதிரி 6.35 மில்லிமீட்டர்த் தோட்டாவுக்கும், அதைப் பெரிதாக்கிய 1914ஆம் ஆண்டு மாதிரி 7.65 மில்லிமீட்டர்த் தோட்டாவுக்கும் உரியன. முற்காலத்தவற்றில் நிறுவனத்தின் பெயர் 'வாஃபென்ஃபாப்ரிக் மவுசர்', அதாவது மவுசர் படைக்கல ஆலை என்றிருக்கும். 1922இல் நிறுவனம் பெயர் மாறி 'மவுசர் வெர்க்கே' ஆயிற்று. ஆகவே நம் தாளில் உள்ள பெயர், பொருள் 1922க்கு முற்பட்டதன்று என்று சொல்லிவிடுகிறது. 1934ஆம் ஆண்டு மாதிரியில் கைப்பிடியின் வடிவம் கைக்கு இசைய வளைவாக மாற்றப்பட்டது. தோழரின் மகன் வரைந்து காட்டிய கைப்பிடியோ நேரானது. எனவே இரண்டு எல்லைகளுக்கு இடையில் அதன் பிறப்பு அடங்கிற்று.

இரண்டாம் சாட்சி முடியும் அதன் கீழுள்ள 'என்' எழுத்தும். ஜெர்மனியில் 1891ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டப்படி, விற்பனைக்கு வரும் ஒவ்வொரு துப்பாக்கியும் அரசின் சோதனைச்சாலையில் மிகுதியான வெடி அழுத்தத்தில் சுட்டுப் பார்க்கப்பட்டுத் தேறிய பின்னரே முத்திரை பெறும். 'என்' என்பது புகையற்ற நைட்ரோ மருந்தால் சோதிக்கப்பட்டதைக் குறிப்பது. மன்னராட்சி 1918இல் முடிந்துபோன பிறகும் முடிச்சின்னம் நீங்கவில்லை. 1940இல்தான் அதன் இடத்தில் கழுகுச் சின்னம் வந்தது. இரண்டாம் உலகப் போரில் படைக்கென வாங்கியவற்றில் கழுகோடு படைக்கலத் துறையின் எழுத்தும் எண்ணும் இருக்கும். நம் தாளில் அப்படி ஒன்றும் இல்லை. இது குடிமக்கள் சந்தைக்கென ஆக்கப்பட்ட பொருள்.

படைமுத்திரை இல்லாததனால் மட்டும் ஒரு படை அதிகாரி அதை வைத்திருக்கவில்லை என்று தீர்த்துவிட முடியாது. அதிகாரிகள் தம் சொந்தப் பணத்திலும் கைத்துப்பாக்கி வாங்கியதுண்டு. கதையைக் காப்பாற்ற இன்னும் ஒரு வழி இருந்தது. அதை அடைத்தது மூன்றாம் சாட்சி. தாளின் ஓரத்தில், துருவுக்கும் கரிக்கும் நடுவே, மிகச் சிறிய ஆங்கிலச் சொற்கள் மூன்று இருந்தன. பூதக்கண்ணாடி வைத்துப் படித்தோம்: 'நாட் இங்கிலீஷ் மேக்'. ஆங்கிலேயர் செய்ததன்று என்பது பொருள். அயல்நாட்டுத் துப்பாக்கிகள் பிரிட்டனின் சோதனைச்சாலை வழியாகச் செல்லும்போது இச்சொற்களைப் பொறிக்க வேண்டுமென 1925ஆம் ஆண்டு விதி வந்தது. ஆக, இந்தப் பொருள் பாலைவனப் போர்க்களத்திலிருந்து சிப்பாயின் மூட்டையில் நேரே ஆவடிக்கு வந்ததன்று. ஜெர்மனியில் பிறந்து, பிரிட்டனில் வணிகர் கைக்கு வந்து, முறைப்படி சோதிக்கப்பட்டு, பிறகு கப்பலேறியது.

நான்காம் சாட்சியாகிய எண்ணின் வலிமையை அறிய வங்கத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சியை நேயர்களுக்கு நினைவூட்ட விரும்புகிறோம். 1914ஆம் ஆண்டு ஆகஸ்டு 26ஆம் நாள், கல்கத்தாவின் ரோடா கம்பெனிக்கு வந்திறங்கிய 202 பெட்டிகளில் 10 பெட்டிகள் கிடங்குக்குப் போய்ச் சேரவில்லை. அவற்றில் 50 மவுசர் கைத்துப்பாக்கிகளும் 46,000 தோட்டாக்களும் இருந்தன. அவை விடுதலைப் புரட்சியாளரின் கைக்குப் போய்விட்டன. அவை சட்டைப்பையில் அடங்கும் சிறியவை அல்ல, பெரியவை. ஆயினும் அதே ஓபர்ன்டார்ஃப் ஆலையின் பிள்ளைகள். ஒவ்வொன்றின் எண்ணும் கம்பெனியின் கணக்கேட்டில் பதிவாகியிருந்தது. அதனால் வங்கத்தின் எந்த மூலையில் ஒரு மவுசர் அகப்பட்டாலும், அது ரோடாவுடையதா அன்றா என்பதைக் காவலர் ஏட்டைப் புரட்டிச் சொல்ல முடிந்தது. 1918இல் வெளியான ரவுலட் குழுவின் அறிக்கை இந்தத் துப்பாக்கிகள் பயன்பட்ட நிகழ்ச்சிகளை வரிசைப்படுத்திக் காட்ட முடிந்ததற்கு அந்த எண்களே காரணம்.

எண்ணின் அருமையை நாம் இவ்வாறு வியந்து கொண்டிருந்தபோது, தோழரின் மகன் ஒரு செய்தியைச் சொன்னார். நமக்குத் திக்கென்றது. "துரு ஏறியிருந்தது, ஹஜ்ரத். உப்புத்தாள் போட்டுக் கொஞ்சம் தேய்த்தேன். முழுவதும் பளபளப்பாக்கிவிட்டால் இன்னும் நல்ல விலை போகும் என்று வீட்டில் சொல்கிறார்கள்" என்றார்.

உடனே நிறுத்தச் சொன்னோம். இதில் இரண்டு கேடுகள் உண்டு. முதலாவது விலையைப் பற்றியது. பழைய கைத்துப்பாக்கியை மதிப்பிடுவோர் முதலில் பார்ப்பது அதன் இயல்பான நீலமெருகு எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்பதையே. அடுத்து, அதன் உறுப்புகளில் உள்ள எண்கள் ஒத்திருக்கின்றனவா, கைப்பிடி அதற்குரியதுதானா என்று பார்ப்பார்கள். இந்த மவுசரின் கைப்பிடி ஒரே மரத்துண்டால் சுற்றி வளைத்துச் செய்யப்பட்டது, எளிதில் பிளந்துவிடும். ஆகவே பிளவுபடாத பிடிக்குத் தனி மதிப்பு. தேய்த்து மெருகேற்றியது இளமையாகத் தோன்றலாம். அறிந்தவர் கண்ணுக்கு அது மதிப்பிழந்ததே. முத்திரையின் விளிம்பு மழுங்கி, பள்ளத்தினுள்ளும் புதுமெருகு படிந்திருந்தால் அவர்கள் விலகிப் போவார்கள். பொய்ச் சரக்குகளையும் அவர்கள் முத்திரையைக் கொண்டே கண்டுபிடிப்பார்கள். கைபர்க் கணவாய்ப் பகுதியின் தர்ரா ஆதம் கேல் என்னும் ஊரில், கைத்தொழிலாளர் ஐரோப்பியத் துப்பாக்கிகளைப் பார்த்துச் செய்பவற்றில் எழுத்து தலைகீழாகவும் சொல் பிழையாகவும் இருப்பதுண்டு. பொருள் தெரியாமல் வடிவத்தை மட்டும் பார்த்து எழுதியவன் கை அப்படித்தான் தன்னைக் காட்டிக் கொடுக்கும். மத்ரஸாவில் மனனம் மட்டும் செய்த மாணவனின் தாளை நாம் திருத்தும்போதும் இதைக் கண்டிருக்கிறோம்.

இரண்டாவது கேடு சட்டத்தைப் பற்றியது, இதுவே பெரிது. துப்பாக்கியில் பொறித்த பெயரையோ எண்ணையோ அழிப்பதும் மாற்றுவதும் 1959ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டப்படி குற்றம். இன்னும் சில நிமிடம் உப்புத்தாள் ஓடியிருந்தால், அறியாமல் இருந்த குடும்பம் அறிந்தே குற்றம் செய்த குடும்பமாகத் தோன்றியிருக்கும். அழித்தாலும் பயனில்லை என்றார் அம்பத்தூர் அன்பர். நம்பர் பஞ்சால் ஓங்கிக் குத்தும்போது மேற்பரப்பு மட்டுமன்றி அடியிலுள்ள இரும்பும் நசுங்குகிறது. மேலே அராவி எடுத்தாலும், தடயவியல் கூடத்தில் அமிலம் பூசினால் மறைந்த எண் பெரும்பாலும் மீண்டும் தோன்றிவிடுமாம். நற்காலமாக நம் பிள்ளையின் உப்புத்தாள் கைப்பிடியின் அருகிலேயே நின்றிருந்தது.

இனி விலைக்கு வருவோம். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இந்த மாதிரி மவுசர்கள் அரிதானவை அல்ல, பல்லாயிரக்கணக்கில் செய்யப்பட்டவை. அப்படியிருக்க, இங்கே லட்சக்கணக்கில் பேசுவது ஏன்? தனியார்க்கான அயல்நாட்டுத் துப்பாக்கி இறக்குமதி 1980களில் நம் நாட்டில் நிறுத்தப்பட்டது. அதனால் முன்பே வந்து, உரிமத்தில் ஏறி நிற்பவற்றுக்கு விலை ஏறிற்று. அதிலும் 7.65 மில்லிமீட்டர்த் தோட்டா, நம் நாட்டில் '.32' என்று வழங்கும் குடிமக்களுக்கு அனுமதிக்கப்பட்ட அளவு. ஆனால் அந்த விலை உரிமத்துக்கே உரிய விலை. உரிமம் உள்ளவரிடமிருந்து உரிமம் உள்ளவருக்கு, முறைப்படி, ஏட்டில் ஏறிப் போகும்போதுதான் அது விலை. 'காகிதம் கேட்காதீர்கள்' என்று சொல்பவர் தரும் பணம், அந்தத் துப்பாக்கி நாளை யார் கையில் எதைச் செய்யும் என்று கேட்காதிருப்பதற்கான கூலி. எண் மட்டும் எங்கே பிடிபட்டாலும் தன் வழியைச் சொல்லும்.

"நூறாண்டு ஆகப்போகிறதே, பழம்பொருள் என்று வைத்துக்கொள்ளக் கூடாதா?" என்று தோழர் கேட்டார். வழக்கறிஞர் ஒருவரிடம் அழைத்துச் சென்றோம். பழமையான ஆயுதத்துக்குச் சட்டத்தில் விலக்கு உண்டு. ஆனால் பழுது பார்த்தும் பாராமலும் சுட இயலாததாக அது இருக்க வேண்டும். வயது மட்டும் விலக்கு ஆகாது. உரிமம் பெற்றவர் இறந்தால் வாரிசுகள் அதைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடமோ ஒப்படைத்திருக்க வேண்டும் என்று அவர் விளக்கினார். "உரிமமே இருந்ததா என்று முதலில் பாருங்கள்" என்றும் சொன்னார்.

அன்றிரவு அந்த வீட்டில் யாரும் உறங்கவில்லை. தோழரின் மனைவி நம் வீட்டாரிடம் சொன்ன சொல் இன்னும் நம் செவியில் இருக்கிறது: "நம்ம வீட்டில் துப்பாக்கி என்று வெளியே தெரிந்தால், பாட்டனார் கதையையா கேட்பார்கள்?" அந்த அச்சத்தை நாம் பொருளற்றது என்று ஒதுக்கவில்லை. ஆனால் அச்சத்துக்கு மருந்து மறைப்பதன்று, சாட்சியைத் திரட்டுவதே என்று சொன்னோம்.

மரப்பெட்டியை மீண்டும் கவிழ்த்தார்கள். தோல் மண்டியின் கணக்கேடுகளுக்கு நடுவே, மெழுகுத்துணியில் சுற்றியபடி இரண்டு காகிதங்கள் கிடைத்தன. ஒன்று, செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் பழைய உரிமம். மற்றொன்று, சென்னைத் துப்பாக்கிக் கடை ஒன்றின் 1931ஆம் ஆண்டு ரசீது: மவுசர் கைத்துப்பாக்கி ஒன்று, அதன் கீழே ஆறு இலக்க எண். நம் கையிலிருந்த கரிக்கோல் படியை ரசீதின் அருகில் வைத்து, ஒவ்வோர் இலக்கமாகப் படித்தோம். ஆறும் ஒத்தன. ஆலை, ஜெர்மானியச் சோதனை, ஆங்கிலச் சோதனை, கடை, உரிமம் என்று சங்கிலி அறுபடாமல் பெட்டிவரை வந்து சேர்ந்தது.

தோல் வாங்கச் சந்தை சந்தையாய்ப் பணத்தோடு இரவில் பயணம் செய்த ஒரு வணிகர், தம் உயிர்க்காவலுக்காக அரசிடம் கேட்டு, விலை கொடுத்து, ரசீது பெற்று வாங்கியது அது. பறித்ததும் அன்று, எவரும் களவாய்க் கொடுத்ததும் அன்று. வீரக் கதையைக் காட்டிலும் இது குறைவானதா? தோழருக்கு அன்று அப்படித்தான் தோன்றியது. "நானும் என் பிள்ளைகளும் இத்தனை ஆண்டு பொய்யையா சொல்லிக்கொண்டு திரிந்தோம்?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் அமர்ந்திருந்தார். நாம் மறுமொழி சொல்லவில்லை.

அடுத்த வாரம் வழக்கறிஞரும் நாமும் உடன்செல்ல, காவல் நிலையத்துக்கு முன்கூட்டியே சொல்லி, அவர்கள் கூறிய முறைப்படி அது ஒப்படைக்கப்பட்டது. ரசீதையும் உரிமத்தையும் பார்த்த அதிகாரி, துப்பாக்கியின் எண்ணை உரக்க வாசித்து ஏட்டில் எழுதச் சொன்னார். தாமதத்துக்கான விளக்கம் எழுத்தில் கொடுக்கப்பட்டது. வழக்கு ஏதும் வரவில்லை. மூன்று லட்சமும் வரவில்லை. நிக்காஹ் எளிமையாக, பள்ளிவாசலிலேயே நடந்தது. அதன்பின் இரண்டு மாதம் தோழர் நம் வாசல் பக்கம் வரவில்லை. நாம் சொன்னது சரி என்று அவர் அறிவார். அதற்கு அவர் கொடுத்த விலை என்னவென்று நாமும் அறிவோம்.

ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பின் வந்தார். கையில் பாட்டனாரின் ரசீது. கண்ணாடிச் சட்டமிட்டு மாட்டப் போவதாகவும், அதிலுள்ள ஆங்கில வாசகத்தைப் பேரப்பிள்ளைகள் படிக்கும்படி தமிழில் எழுதித் தரவேண்டும் என்றும் கேட்டார். எழுதிக் கொடுத்தோம். கீழே எண்ணையும் எழுத வேண்டுமா என்று கேட்டபோது, "ஆம், ஹஜ்ரத், அதைத்தானே முதலில் எழுத வேண்டும்" என்றார்.